பக்கத்து சீட்

4 ஜூன் 1996

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், நடுவில் அம்மா வந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். காலில் மாவுக்கட்டோடு கிடப்பவளுக்கு வேறு வேலையும் இல்லை.

நேற்று நம் மெக்கானிக் நட்டு அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தார். வாயில் நாலு நட்டைப் போட்டுக்கொண்டு இன்ஜினுக்குள் குனிந்திருக்கும்போதுகூட ஓயாமல் பேசுகிற மனிதர், நேற்று வாய் காலியாக இருந்தும் பேசவில்லை. ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, கார் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் காரும்மா?" என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நம் ராலி காரை விற்றுவிட்டாய். நமக்குப் பணம் போட்ட பிஸ்கட் கம்பெனியிடம் இனி ராலி கிடையாது என்று சொல்லிவிட்டாய். ஏதோ ஓர் எண்ணெய் கம்பெனியோடு சேர்ந்து டீமையே வேறு ஊருக்குக் கொண்டுபோய், ஒரே தடத்தில் சுற்றுகிற சர்க்யூட் பந்தயத்துக்குத் திருப்பிவிட்டாய். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

ராலி காரில் ரெண்டு சீட். சர்க்யூட் காரில் ஒன்றே ஒன்று. என்னைப் போ என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, சீட்டைக் கழற்றிவிட்டாய்.

அப்பாவின் மாவு மில் பூட்டிக் கிடந்தபோது அதை நம் ஒர்க்ஷாப் ஆக்க அந்தப் பூட்டை உடைத்தது நீ மட்டுமா? முதல் பந்தயத்தில் மாவுப் புழுதி கார்புரேட்டருக்குள் போய் வண்டி தும்மித் தும்மி நின்றதே, அதைப் பின்னாலிருந்து தள்ளியது யார்? காட்டு ரோட்டில் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மடியில் இருக்கிற குறிப்பைப் பார்த்து, வளைவு எத்தனை கூர்மை என்பதற்கு ஓர் எண் வைத்து, "வலது மூணு, மேடு, உடனே இடது ரெண்டு" என்று நான் சொல்வேன். அதை நம்பி நீ மிதிப்பாய். ஏழு வருஷம் அப்படித்தான் இந்த டீம் ஓடியது.

விபத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் நாம் ரோட்டைப் பார்த்துக் குறிப்பு எழுதியபோது அந்தக் கல் அங்கே இல்லை. மழையில் சரிந்து வந்தது. என் காகிதத்திலும் இல்லை, திரும்புகிற வரை உன் கண்ணிலும் படவில்லை. கார் உருண்டது, என் தொடை எலும்பு முறிந்தது, உனக்கு ஒரு கீறல் இல்லை. அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா? ஆனால் ஆஸ்பத்திரிக்கு நீ வரவே இல்லை. அது வலிக்கிறது, காலைவிட.

அக்கா


19 ஜூன் 1996

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்ன, கன்னத்தில் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். உன் காலைத் தூக்கிக் கட்டி, கட்டில் ஓரத்தில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்குத் துடைக்கிறாள், யாருக்காகத் துடைக்கிறாள் என்று தெரியவில்லை. "உள்ள போங்க சார், இப்ப பாக்கலாம்" என்றாள் நர்ஸ். "வார்டு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிவிட்டேன்.

மற்றபடி நீ நினைப்பதுபோல இதில் சூது ஒன்றும் இல்லை. நீ நடக்கவே ஒரு வருஷம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். பிஸ்கட் கம்பெனி ஒரு வருஷம் காத்திருக்காது. அவர்களே ஓர் ஆளை அனுப்பிவைத்தார்கள், உன் இடத்தில் உட்கார்ந்து படிக்க. நல்ல மனிதர், தெளிவாகப் படிப்பாராம். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். "போலாமா சார்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஸ்டார்ட் செய்தேன். கிளட்ச்சில் என் கால் நிற்கவில்லை, அக்கா. வயிறு சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். மறுநாளும் வயிறு சரியில்லை.

சர்க்யூட்டில் ஒரு சௌகரியம். ரோட்டில் கல் கிடக்காது. சுற்றிச் சுற்றி அதே ரோடு.

நீ கோபப்படு. ஆனால் உன்னை ஒதுக்கினேன் என்று மட்டும் சொல்லாதே. அம்மாவிடம் என்னைப் பற்றி ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல். நான் போன் செய்தால் "ராங் நம்பர்" என்கிறாள்.

தம்பி


11 பிப்ரவரி 1998

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நாலைந்து முறை தொடங்கினேன். எல்லாம் திட்டாகவே வந்தது, கிழித்துப் போட்டேன். உன் வயிறு சரியில்லாத கதையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது, அது என்னவென்று நீ சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்துச் சமாதானமாவதற்கு மனம் வரவில்லை.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். நன்றாக நடக்கிறேன். படியேறினால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். நீ பூட்டிவிட்டுப் போன மில்லைத் திறந்து சுத்தம் செய்துவிட்டேன். காயலான் கடையில் ஒரு வண்டி கிடைத்தது, கூரை நசுங்கிப் போனது, ஆனால் எலும்பு நன்றாக இருக்கிறது. டீமின் ராலி பாதியை நான் நடத்தப்போகிறேன். பெயர் நம் டீமின் பெயர்தான். நீ வேண்டாம் என்று விட்டது, எனக்கு வேண்டும்.

ஓட்ட ஆள் தேடினேன். இருவர் வந்தார்கள். ஒருவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "ஓனர் எப்ப வருவாருங்க?" என்றார். "வந்தாச்சு, நீங்க கிளம்பலாம்" என்றேன். இன்னொருவர் நான் சொன்னது எதையும் கேட்காமல் ஓட்டிக் கிணற்றுச் சுவரில் கண்ணாடியைப் பறிகொடுத்தார். கடைசியில் நானே ஓட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். தினமும் பழகுகிறேன். உன் பக்கத்தில் ஏழு வருஷம் உட்கார்ந்ததில் எங்கே மிதிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எங்கே மிதிக்கக் கூடாது என்பது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அம்மா மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறாள். நேற்று ஒரு திருப்பத்தில் வண்டி முழுவதுமாகச் சுற்றி நின்றது. புழுதி அடங்கிய பிறகு அம்மா குரல் கேட்டது. "உங்க ரெண்டு பேருக்கும் பால்தானே குடுத்தேன், பெட்ரோலா குடுத்தேன்?"

நட்டு அண்ணனை மூன்று மாதம் இங்கே அனுப்பிவை. கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அக்கா


2 மார்ச் 1998

அக்காவுக்கு,

உனக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? ஆணி வைத்துச் சேர்த்த காலை வைத்துக்கொண்டு ராலி ஓட்டுவாளாம். டாக்டரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். என்னிடம் கேட்டாயா? அதுவும் இல்லை.

டீமின் பெயரைத் தர மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நட்டு அண்ணனையும் அனுப்ப மாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். அவர் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "தம்பி, நான் உங்ககிட்ட லீவு கேக்கல, சொல்லிட்டுப் போறேன்" என்றார். சொல்லாமல் போயிருந்தால் ஆத்திரப்பட்டிருக்கலாம். சொல்லிவிட்டுப் போனால் என்ன செய்வது? இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நான் ரொம்பக் கோபமாக இருப்பதாக அவர் சொன்னால் நம்பு.

பெயர் போகட்டும், வைத்துக்கொள்.

போன மாதம் இங்கே சாம்பியன்ஷிப் ஜெயித்தேன். பேப்பரில் பார்த்திருப்பாய். மேடையில் பெரிய கோப்பை, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. இறங்கி வந்து காருக்குள் உட்கார்ந்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில், உன் சீட் இருக்க வேண்டிய இடத்தில், இரும்புக் கம்பிதான் இருந்தது. சுற்றிச் சுற்றி வருவதில் செக்குமாட்டுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அது எண்ணெய் கொடுக்கும். எனக்கு எண்ணெய் கம்பெனி சோறு போடுகிறது.

மழை பெய்தால் மட்டும் ஓட்டாதே. இதையாவது கேள்.

தம்பி


23 நவம்பர் 1998

தம்பிக்கு,

மழை பெய்தது. ஓட்டினேன்.

கடைசி இடம். ஆனால் முடித்தோம். பாதிப் பேர் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படி. எனக்குக் குறிப்பு படிக்கிறவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற டீச்சர். நாலாவது வளைவில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு, "வலது நாலு" என்று தொடர்ந்தாள். அப்பேர்ப்பட்டவளை எங்கே தேடினாலும் கிடைக்காது.

முடிவுக் கோட்டில் எங்களைப் பார்க்க மேசை மடக்குகிற ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவர் மேசையை மறுபடி விரித்து எங்கள் நேரத்தை எழுதிக்கொண்டார். நட்டு அண்ணன் அழுதார். வாயில் நட்டு இருந்ததால் விக்கிக்கொண்டது.

மூன்று மாதம் முடிந்து எப்போதோ திரும்பியிருக்க வேண்டியவர். நான் பிடித்து வைத்திருப்பதாக நினைக்காதே. போகச் சொன்னால் காது கேட்காததுபோல இருக்கிறார்.

அடுத்த ராலிக்கு நீ வந்து பார்க்கலாம். காரில் ஏற வேண்டாம். ரோட்டோரம் நின்றால் போதும்.

அக்கா


16 ஜூலை 2000

தம்பிக்கு,

நீ ரோட்டோரம் நிற்கவும் வரவில்லை. போகட்டும். உனக்கு விபத்து என்றதும் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உள்ளே வரைக்கும் வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது வராது, இமை துடிக்கும். அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது மூக்கை வேறு உறிஞ்சினாய்.

டாக்டரிடம் பேசினேன். பிரேக் பிடிக்காமல் டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் மோதியபோது வலது கணுக்கால் பொடிப்பொடியாகிவிட்டதாம். நடக்கலாம், ஆனால் பந்தயக் காரின் பிரேக்கை இனி அந்தக் காலால் மிதிக்க முடியாது என்றார். இதை உன்னிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாய். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எண்ணெய் கம்பெனி இந்த வருஷத்தோடு விலகுகிறதாம். உன் ஒர்க்ஷாப்பில் இருக்கிறவர்கள் வெளியே கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். உன்னோடு ரெண்டாவது காரை ஓட்டுகிறாளே, அவள் மட்டும், "மேடம், எங்களை என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டாள். நல்ல ஓட்டம் அவளுக்கு.

நான் யோசித்தது இதுதான். மில்லில் இடம் இருக்கிறது. சர்க்யூட் கார், ராலி கார், ஆட்கள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வரட்டும். சர்க்யூட்டில் அவள் ஓட்டட்டும், ராலியில் நான் ஓட்டுகிறேன். டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. எனக்குக் குறிப்பு படிக்க ஆள் வேண்டும். உனக்குக் கால்தான் போயிற்று, வாய் இருக்கிறது.

அக்கா


5 ஆகஸ்ட் 2000

அக்காவுக்கு,

ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு எழுதுகிறேன். நீ சொன்னதால் கால் விஷயம் தெரிந்தது. நல்லது. யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஆட்களை எடுத்துக்கொள். கார்களை எடுத்துக்கொள். அவளையும் எடுத்துக்கொள், அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள், ஒரு வருஷமாக எனக்கு அது தெரியும். என்னை மட்டும் விட்டுவிடு. ஜெயித்தவன் நொண்டியானதும் அக்கா பக்கத்தில் ஓர் இடம் போட்டுக் கொடுத்தாள் என்று ஊர் பேச வேண்டாம். இரக்கத்தில் கொடுக்கிற சீட்டில் உட்கார எனக்கு மனம் வராது.

உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நீயும் என்னிடம் இரக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லையே.

தம்பி


9 ஆகஸ்ட் 2000

தம்பிக்கு,

இரக்கமா? உன் மேலா? இன்ஜின் இரைச்சலில் இங்கே அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

உனக்குச் சீட் கொடுத்துவிட்டதாக யார் சொன்னது? ஆள் வேண்டும் என்றுதான் எழுதினேன். ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ரேடியோவில் செய்தி வாசித்தவர், குரல் கண்ணாடி மாதிரி. இன்னொருத்தி நில அளவைத் துறையில் இருந்தவள், ரோட்டை ஒரு தடவை பார்த்தால் படமே போட்டுவிடுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் சோதனை ஓட்டம். வந்தால் வரிசையில் மூன்றாவதாக நில். எழுத்து புரியவில்லை, கண்ணாடி கொண்டுவரவில்லை என்கிற சாக்கெல்லாம் எடுபடாது.

உன்னிடம் அன்றைக்கு நான் வாங்கிக்கொள்ளாதது இரக்கத்தை இல்லை. நீ என்னைக் கேட்கவே இல்லை. நான் உன்னைக் கேட்கிறேன். வருகிறாயா, இல்லையா?

அக்கா


10 டிசம்பர் 2000

அக்காவுக்கு,

ஒர்க்ஷாப்பைக் காலி செய்து கொண்டிருக்கிறேன். லாரி நாளைக் காலை கிளம்புகிறது. சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றிவிட்டோம், வெறும் ஆணிகள்தான் நிற்கின்றன. நேரில் உன்னிடம் சொல்ல வராததை இங்கே பெட்டி மேல் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

சோதனை ஓட்டத்தில் நில அளவைக்காரி என்னைவிட நன்றாகப் படித்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்காவிட்டால் நீ அவளைத்தான் எடுத்திருப்பாய். இந்த சீட் இரக்கத்தில் வந்ததில்லை என்று அதில் தெரிந்தது, அதனால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

போன மாத ராலியன்று காலையில் பெல்ட்டை மாட்டியபோது எனக்கு ஒன்றும் இல்லை. முதல் வளைவு வரை ஒன்றும் இல்லை. அப்புறம் நீ மிதித்தாய். அக்கா, அந்த சீட்டில் பிரேக் இல்லை! எத்தனை வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், இது எனக்கு உறைக்கவே இல்லை. இல்லாத பிரேக்கை என் ஊனக் கால் தரையில் மிதித்துக்கொண்டே இருந்தது. மரங்கள் எல்லாம் என் பக்கம்தான் வந்தன. வாய்விட்டு, "அக்கா, பிரேக்!" என்றேன்.

"அது பேப்பர்ல இருக்கா? இருந்தா படி, இல்லன்னா வாய மூடு!" என்றாய்.

அப்புறம் நான் குறிப்பில் ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியதும், வேலியை உடைத்துக்கொண்டு முட்டைகோஸ் தோட்டத்தில் போய் நின்றதும், தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்து நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரைத் தள்ளிவிட்டதும் உனக்கே தெரியும். பதினோராவது இடம். நம் டீமுக்குப் பணம் போடலாமா என்று பார்க்க வந்த அந்தப் பெயிண்ட் கம்பெனிக்காரர் அத்தனை தூரம் நடந்து வந்து, "நீங்க ரெண்டு பேரும் கார்ல எப்பவும் இப்படித்தான் சண்டை போடுவீங்களா?" என்று கேட்டாரே, நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தச் சண்டை பிடித்துப்போய்த்தான் அவர் சிரித்தார் என்று யாருக்குத் தெரியும். அடுத்த வருஷத்துக்கு ராலி, சர்க்யூட் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நம் ஆட்களிடம் சொன்னேன். ரெண்டாவது கார்க்காரி, இல்லை, இனி அவள்தான் முதல் கார்க்காரி, என் ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு ஆடினாள்.

நான் கேட்க நினைத்தது வேறு. பாலத்துக்கு முன்னால் அந்த இறக்கத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரே நாளில் இப்படி. நீ ஏழு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தாய், அதுவும் என் பக்கத்தில். ஒரு தடவைகூட நீ பயந்து நான் பார்த்ததில்லை. குரல் நடுங்கியதில்லை. எப்படி அக்கா?

தம்பி


14 டிசம்பர் 2000

தம்பிக்கு,

லாரி வந்து சேர்ந்தது. சர்க்யூட் கார் மில் கதவுக்குள் நுழையவில்லை, நட்டு அண்ணன் கதவையே கழற்றிவிட்டார். எல்லாப் பெட்டியும் வந்தது. நீ பின்னால் ரயிலில் வருவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நேரில் கேட்டால் இதை நானும் சொல்ல மாட்டேன்.

பயமில்லையா என்கிறாய். ஒவ்வொரு வளைவிலும் பயந்தேன். பயம் வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? இன்னும் சத்தமாகப் படிப்பேன். நீயோ, அக்கா சத்தமாகச் சொல்கிறாள், ரோடு நன்றாக இருக்கிறது போல என்று நினைத்து இன்னும் மிதிப்பாய். நீ மிதிக்க மிதிக்க எனக்குப் பயம் கூடும், பயம் கூடக் கூடக் குரல் கூடும். அப்படித்தான் நாம் ஜெயித்தோம். ஊரே உன் துணிச்சல் என்று நினைத்தது. பாதி என் நடுக்கம்.

உனக்கு வேறு மாதிரி. பயந்தால் ஊமையாகிவிடுகிறாய். பாலத்துக்கு முன்னால் நீ வளைவைச் சொல்லவே இல்லை. ஹெட்போனில் உன் மூச்சுகூடக் கேட்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரேக்கை அழுத்தினேன், நல்லவேளை சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்காது.

சித்திரையில் அடுத்த ராலி. ஒரே ஒரு மாற்றம்தான் உன்னிடம் கேட்கிறேன். பயப்படு, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாயைத் திறந்து பயப்படு.

அக்கா